வாடாத வெற்றிலைக் கொடி

அத்தியாயம் 6

அந்த முறுக்கை நினைத்தால் ஈஸ்வரனுக்கு இன்றைக்கும் தொண்டையில் சிக்கும். சாப்பிட்டபோது என்னவோ சுகமாகத்தான் இறங்கியது.

குட்வில் எஸ்டேட்டில் காண்ட்ராக்டர் சொக்கலிங்கத்தின் வீட்டுக் கூடம். தலைக்கு மேலே ஒரு ஃபேன். சாப்பாட்டு மேஜைக்கு மேலே ஒரு ஃபேன். ஆள் இல்லாத இரண்டு படுக்கையறைகளிலும் ஃபேன். பூஜை அறைச் சுவரில்கூட ஒரு குட்டி ஃபேன் இருந்து, விளக்கை அணைத்து அணைத்துச் சாமியின் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருந்தது. எல்லாம் சேர்ந்து போட்ட இரைச்சலில் சொக்கலிங்கம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவர் இயல்பாகவே கத்துகிறவர் என்பதால் அதில் சிரமம் ஒன்றும் தெரியவில்லை.

"திருட்டு சார். பச்சைத் திருட்டு. என் வீட்டுக் கரண்டை யாரோ உறிஞ்சுறாங்க."

ஈஸ்வரன் போலீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டு, ஜங்லிகாட்டில் ஒரு மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவன். காணாமல் போன சரக்குப் பெட்டி, கப்பல் டிக்கெட் மோசடி என்று போர்ட் பிளேயரில் அவனுக்குப் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் உதவியாளர் ரூபா. நடு அந்தமானில் ரங்கத்தில் வளர்ந்தவள். ஈஸ்வரன் யோசிக்கத் தொடங்குவதற்குள் அவள் பேசி முடித்திருப்பாள்.

"ஆள் இல்லாத ரூம்ல ஃபேன் யாருக்கு அங்கிள் ஓடுது? பேய்க்கா?" என்றாள் ரூபா.

"ஃபேன் என்னம்மா தின்னுடப் போகுது?" சொக்கலிங்கம் மேஜையிலிருந்த ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்து நீட்டினார். மேலே கொட்டை எழுத்தில் 'ஃபேனே போதும்' என்று போட்டிருந்தது. அச்சடித்தது குடியிருப்போர் சங்கம், எழுதியது சங்கத் தலைவர் சொக்கலிங்கம். தீவுக்கு டீசல் கப்பலில் வருகிறது, அதை எரித்துத்தான் மின்சாரம், ஆகவே ஏசி போடுகிறவன் எல்லாம் தீவின் எதிரி என்பது அதன் சாரம்.

எழுதியதோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. பக்கத்து வீட்டு நாகராஜ் புதிதாக ஏசி போட்டதும் இவருக்கு ஒரு யோசனை உதித்தது. இரண்டும் ஒரே அளவு வீடு, ஒரே பிளான். ஒரு மாதம் அவர் ஏசி ஓட்டட்டும், நான் ஃபேன் ஓட்டுகிறேன், கடைசியில் இரண்டு மீட்டரையும் ஊரே பார்க்கட்டும் என்று சவால் விட்டார். மாதம் முடிந்தது. நாளைக்குச் சங்கக் கூட்டம். ஃபேன் வீட்டு மீட்டர் ஏசி வீட்டு மீட்டரைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது.

"யார் மேல சந்தேகம்?" என்று ஈஸ்வரன் கேட்டான்.

"சந்தேகமே இல்ல. பின்னாடி போர்ஷன்ல இருக்கிற கருப்பாயி. அவளுக்குத் தனி மீட்டர். அது அசையவே மாட்டேங்குது, என்னுது ஓடுது. மத்லப், அர்த்தம் என்ன? என் லைன்லேர்ந்து வயர் இழுத்திருக்கா. நீங்க ரூபிச்சுக் குடுத்தா போதும். சாயங்காலம் ஸ்டேஷன்ல கம்ப்ளைண்ட், நாளைக்கு வீட்டைக் காலி பண்ணியாகணும்."

உள்ளேயிருந்து சொக்கலிங்கத்தின் மனைவி அலமு முறுக்குத் தட்டோடு வந்தாள். ஐம்பதைத் தொடும் வயது. கூடத்துக்குள் கால் வைத்ததும் அவளுடைய மூக்குக் கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொண்டது. தட்டை ஒரு கையில் ஏந்தியபடி முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டாள். சமையலறையில் ஏதோ கொதித்து ஆவி அடித்திருக்கும் என்று ஈஸ்வரன் நினைத்தான்.

"உங்களுக்கு ஏம்மா சிரமம்" என்று எழுந்து நின்று தட்டை வாங்கிக்கொண்டான்.

ரூபா ஒன்றைக் கடித்தாள். ஃபேன் இரைச்சலையும் மீறி அது உடையும் சத்தம் கேட்டது. "ஆன்ட்டி, இது எப்படி இவ்ளோ மொறுமொறுன்னு இருக்கு? எங்க வீட்ல டப்பாவைத் திறந்து மூடுறதுக்குள்ள முறுக்கு துணி மாதிரி மடிஞ்சிடும்."

"இப்பத்தான் சுட்டேன்" என்றாள் அலமு. ஈஸ்வரன் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் இன்னொரு முறுக்கை அவன் கையில் திணித்தாள். அவன் மரியாதைக்காக அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவள் சொக்கலிங்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததைக்கூடக் கவனித்தான். புருஷன் போடும் கூச்சலில் பாவம் பார்க்காமல் என்ன செய்வாள் என்று அதற்கும் ஒரு காரணத்தை அவனே தயார் செய்து கொடுத்தான்.

வெளியே வந்ததும் ரூபா ஆரம்பித்தாள்.

"சார், இந்த அங்கிள் கணக்கு ஏக்தம் தப்பு. அந்த அம்மா வயர் இழுத்து ஒரு ஃபேன் ஓட்டுறாங்கன்னே வைங்க. மீட்டர் இவ்ளோ ஓடாது. ஒரு பழைய ஏசி தின்கிற கரண்டுல இருபது ஃபேன் ஓடும். அந்த ஒத்த ரூம்ல இருபது ஃபேன் ஓடியிருந்தா வீடு கூரையோட கிளம்பிச் சென்னைக்கே போயிருக்கும். கப்பல் டிக்கெட்டுக்கு லைன்ல நிக்க வேண்டியதே இல்ல."

"அப்போ ஏசி" என்றான் ஈஸ்வரன்.

"ஏசிதான். ஆனா எங்க?"

வீடு மேட்டுச் சரிவில் இருந்தது. முன்பக்கம் சாலை மட்டத்தில் நின்றது. பின்பக்கம் படி இறங்கினால் அடித்தளத்தில் கருப்பாயியின் ஒற்றை அறை. வழியெங்கும் வேனிலின் கைவரிசை தெரிந்தது. குழாய்த் தண்ணீர் நினைத்துக்கொண்டால் வரும் மாதம் அது. நாகராஜ் வீட்டுச் செம்பருத்தி காய்ந்து குச்சியாகியிருந்தது. சொக்கலிங்கத்தின் குரோட்டன்ஸ் தொட்டிகளில் மண் வெடித்திருந்தது.

கருப்பாயி வீட்டுச் சுவரில் மட்டும் ஒரு வெற்றிலைக் கொடி, மழைக்காலத்தில் நிற்பதுபோல் தளதளவென்று நின்றது.

ஈஸ்வரன் நின்றான். இதுதான் அவன் தொழிலில் அவனுக்குப் பிடித்த நொடி. கொடியின் அடியில் குனிந்து மண்ணைத் தொட்டான். ஈரம். வேர்ப்பக்கத்தில் ஒரு தகர டப்பா. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயின் நுனி. நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"குடிக்கவே தண்ணி இல்லாத மாசத்துல யாரும் வெத்தலைக்கு ஊத்த மாட்டாங்க ரூபா. ஏசி ஓடினா தண்ணி சொட்டும். கொடி இங்க இருக்கு, அப்போ ஏசியும் இங்கதான் இருக்கு."

"சார், ஒரு நிமிஷம், அந்தக் குழாய்..."

அவன் ஒரு நிமிஷம் பொறுக்கவில்லை. சொக்கலிங்கத்தைக் கூப்பிட்டான். சாட்சிக்கு நாகராஜையும் கூப்பிடச் சொன்னான். அக்கம்பக்கத்தில் நாலு பேர் தாமாகவே மதில் ஓரம் வந்து நின்றார்கள்.

கருப்பாயி கதவைத் திறந்தாள். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பத்துப் பெண். இப்போது சிப்பிகாட் பண்ணையில் நாற்று வளர்க்கும் வேலை. மகள் சென்னையில் நர்சிங் படிக்கிறாள். கருப்பாயிக்கும் அலமுவின் வயதுதான் இருக்கும்.

"உள்ள பாக்கணும். தள்ளு" என்றான் ஈஸ்வரன்.

அவள் சொக்கலிங்கத்தைப் பார்த்தாள், மதில் ஓரத்துக் கூட்டத்தைப் பார்த்தாள், பிறகு மேலே ஒரு தரம் பார்த்துவிட்டு வழிவிட்டாள்.

அறையில் ஏசி இல்லை. ஏசி ஒளியும் இடமும் இல்லை. ஒரு ஸ்டூல் மேல் கூண்டு துருப்பிடித்த டேபிள் ஃபேன் ஓடியது. அதற்கு முன்னால் கயிற்றில் ஒரு நனைந்த பழைய புடவை தொங்கியது. ஈரத்தில் பட்டு வரும் காற்றுதான் அவளுடைய குளிர்ச்சி. ஈஸ்வரன் ஸ்டூலை நகர்த்தினான், வயரைப் பிடித்துக்கொண்டே போனான். அது ஒழுங்காக அவளுடைய மீட்டரில் போய்ச் சேர்ந்தது.

"எங்கயாவது பிரிச்சு ஒளிச்சு வச்சிருப்பா. அந்த டிரங்குப் பெட்டியைப் பாருங்க சார்" என்றார் சொக்கலிங்கம்.

டிரங்குப் பெட்டிக்குள் ஏசி வைக்க முடியாது என்று தெரியாதவனில்லை ஈஸ்வரன். ஆனாலும் அத்தனை பேரைக் கூட்டிவிட்டு வெறுங்கையோடு வெளியே போக அவனுக்கு மனமில்லை. "பெட்டியைத் திற" என்றான்.

கருப்பாயி திறந்தாள். ஒவ்வொன்றாக வெளியே வைத்தாள். நான்கு புடவைகள், மகளின் பழைய பள்ளிச் சீருடை, ஆண்கள் முன் யாரும் விரித்துக் காட்டாத துணிகள், ஒரு பாக்குவெட்டி. மதில் ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். "கட்டிலுக்கு அடியிலயும் பாத்துருங்க ஐயா" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் ஈஸ்வரனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அவன் வெளியே வந்தான். காது மடல் எரிந்தது. ரூபா கொடியருகே குனிந்து அந்தத் தகர டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கரண்ட் போனது.

தீவில் கரண்ட் போவது ஒரு செய்தியே அல்ல. ஆனால் ஒரு வீட்டின் ஐந்து ஃபேன்கள் ஒன்றாக அடங்கியபோது, இத்தனை நேரம் அந்த இரைச்சலுக்குள் பதுங்கியிருந்த இன்னொரு சத்தம் தனியே பிடிபட்டது. சொக்கலிங்கம் வீட்டுப் பின்சுவரில், மழைத் தடுப்புக்குக் கட்டிய நீலத் தார்ப்பாய்க்குப் பின்னால், ஏதோ கனமானது தடதடவென்று உதறிவிட்டு நின்றது. எல்லார் வீட்டிலும் தொங்கும் தார்ப்பாய்தான். அதனால் யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ரூபா பிளாஸ்டிக் குழாயைக் கையில் எடுத்து, அது போன வழியைக் கண்ணால் தொடர்ந்தாள். குழாய் கருப்பாயியின் அறைக்குள் போகவில்லை. கொடிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி மேலே ஏறி, தார்ப்பாய்க்குள் மறைந்தது.

"தண்ணி கீழே இருந்து மேல போகாது சார்" என்றாள் மெதுவாக. "இதைத்தான் சொல்ல வந்தேன்."

ஈஸ்வரனின் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போனது. முறுக்கு அதற்குள் நமுத்து மெத்தென்றிருந்தது. அரை மணியில் நமுக்கும் பண்டம் அந்த வீட்டில் மொறுமொறுவென்று இருந்தது. இப்போதுதான் சுட்டது என்றாள், கூடத்தில் எண்ணெய் வாசனையே இல்லை. ஈரமில்லாத குளிர்ந்த அறையிலிருந்து வெக்கைக்குள் வந்ததால் கண்ணாடி மூடிக்கொண்டது. இரண்டு தடயங்கள் தட்டில் வைத்து நீட்டப்பட்டன. அவன் தின்றுவிட்டு, நேராகப் படியிறங்கி ஏழையின் கதவைத் தட்டப் போனான்.

சொக்கலிங்கம் மின் துறையை வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சந்தடியில் இருவரும் பின்படி வழியாக மேலே போனார்கள்.

சாமான் அறையின் கதவு தாழிடவில்லை. சிமெண்ட் மூட்டைகளும் பெயிண்ட் டின்களும் கிடந்தன. ஏதோ கெஸ்ட் ஹவுஸ் வேலையில் கழற்றிப் போட்ட பழைய ஜன்னல் ஏசி ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. அதற்கு எதிரே ஒரு டின்மேல் அலமு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் முறுக்கு டப்பா. முகமும் கழுத்தும் சிவந்து, வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது.

அவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. ரூபா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"எப்படிம்மா சொல்றது" என்றாள் அலமு ரூபாவிடம். "திடீர்னு உள்ளுக்குள்ள பத்திக்கிட்டு எரியும். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். ஃபேனு முன்னாடி நின்னா அனலைத்தான் வாரி அடிக்கும். இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தது கருப்பாயிதான். இவர்கிட்ட வேர்க்குதுன்னு மட்டும் ஒருநாள் சொன்னேன். உனக்கு மட்டும் என்ன ராணி உடம்பான்னார். அதுக்கு மேல எப்படிச் சொல்றது."

அவர் ரங்கத்தில் ரோடு வேலைக்குப் போயிருந்த வாரம், தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து இதை மாட்டிக்கொண்டாள். பகல் முழுக்க ஓடும். சத்தம் தெரியாமல் இருக்க, எல்லா அறையிலும் ஃபேனைப் போட்டுவிடுவாள். ஃபேன் பக்தரான புருஷனுக்கு அதில் பெருமைதான்.

"இன்னிக்கு அவர் வீட்ல இருக்கார், போடவே வேணாம்னு இருந்தேன். நீங்க வந்து உக்காந்ததும் பயத்துல மறுபடி பத்திக்கிச்சு." முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டாள். "அவ பெட்டியைத் திறக்கிற சத்தம் இந்த ஜன்னல் வழியா கேட்டுச்சும்மா. என் மானத்துக்காக அவ வாயே திறக்கல. நான் இங்க குளுகுளுன்னு உக்காந்திருந்தேன்."

வெட்கத்தில் இருவர் இருந்தார்கள் அந்த அறையில். வாசலில் நின்றவனுக்குத்தான் அது அதிகம். அலமுவாவது மறைத்தாள். இவன் கண்டுபிடிக்க வந்தவன்.

"நீங்க கீழ வர வேணாம்மா" என்றான். "வயரிங் பழசு, கசியுதுன்னு நான் ஏதாவது சொல்லிக்கிறேன்."

கீழே போனான். கூட்டம் கலையாமல் நின்றது. நின்றவர்களுக்கு எல்லாம் கேட்கும்படி சொன்னான். "கருப்பாயி அம்மா மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் தப்பா சந்தேகப்பட்டேன். இவங்க வீட்டுக்குள்ள நான் போயிருக்கவே கூடாது. சொக்கலிங்கம் சார், உங்க வயரிங்..."

"வயரிங் எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அலமு படியில் நின்றாள். ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தாள்.

"சாமான் ரூம்ல ஏசி ஓடுது. போட்டது நான். கருப்பாயிக்கு அதுல சம்பந்தமே இல்ல" என்றாள்.

சொக்கலிங்கத்தின் வாய் திறந்தபடி நின்றது. நாகராஜ் பெரிய மனதோடு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். அவருடைய புது ஏசி இரவில் மட்டும், கதவை மூடிக்கொண்டு ஓடும். பக்கத்து வீட்டுக் கிழட்டு ஏசி பகலெல்லாம் ஓடி, ஃபேன் கட்சியின் தலைவரை அவர் வீட்டுக்குள்ளேயே தோற்கடித்திருந்தது.

"ஏசியா? என் வீட்லயா? என்னத்துக்கு?" என்று கத்த ஆரம்பித்தார் சொக்கலிங்கம்.

"அங்கிள்" என்றாள் ரூபா. "காரணம் கேக்கணும்னா உள்ள கூட்டிட்டுப் போய்க் கேளுங்க. இங்க கேட்டா மதில்ல நிக்கிறவங்களும் சேர்ந்து கேப்பாங்க."

அவர் அப்போதுதான் மனைவியின் முகத்தைப் பார்த்தார். கடல் காற்று வீசிக்கொண்டிருந்தது. மற்ற யாருக்கும் வேர்க்கவில்லை. அவளுக்கு நெற்றியிலிருந்து மோவாய்வரை வழிந்து ஜாக்கெட் நனைந்திருந்தது. எத்தனை மாதமாக இப்படி என்று அவர் மனதுக்குள் எண்ணிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. கத்திப் பழகிய குரல் எங்கேயோ போய்விட்டது. படியேறிப் போய், சட்டைப் பையில் கசங்கிக் கிடந்த இன்னொரு பிரசுரத்தைப் பிரித்து அவளுக்கு விசிறத் தொடங்கினார். 'ஃபேனே போதும்' என்பது அவள் முகத்துக்கு நேரே போய்ப் போய் வந்தது.

"ஒரு வார்த்தை..." என்றவர் முடிக்கவில்லை. சொல்லியிருந்தால் தான் என்ன பதில் சொல்லியிருப்போம் என்பது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். கீழே திரும்பிக் கருப்பாயியைப் பார்த்து, "நீ இருந்துக்கம்மா. காலி எல்லாம் பண்ண வேணாம்" என்றார். அதைத் தலை நிமிர்ந்து சொல்ல அவரால் முடியவில்லை.

கரண்ட் வந்தது. தார்ப்பாய்க்குப் பின்னால் ஏசி உறுமிக் கிளம்பியது. "போ, போய் உள்ள உக்காரு" என்று அலமுவைத் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது.

கருப்பாயி அறைக்குள் தரையில் உட்கார்ந்து துணிகளைப் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஈஸ்வரன் குனிந்து பள்ளிச் சீருடையை எடுத்து மடிக்கப் போனான்.

"வச்சிருங்க ஐயா. நானே பாத்துக்கிறேன்."

"மன்னிச்சுக்குங்கம்மா. கொடியைப் பாத்து ஏமாந்துட்டேன். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"அது அக்கா உடம்பு சமாச்சாரம். நான் எப்படிச் சொல்றது?" அவள் சீருடையை அவன் கையிலிருந்து வாங்கி, உதறி, தானே மடித்தாள். "கொடி மேல என்னங்க ஐயா குத்தம்? மேல உக்கார வச்சு முறுக்கு குடுத்தாங்க, சாப்பிட்டீங்க. இங்க வந்ததும் பெட்டியைத் திறக்கச் சொன்னீங்க. அங்க ஒரு கதவைக்கூடத் திறந்து பாக்கலியே."

அவள் பெட்டியை மூடினாள். ஈஸ்வரன் வெளியே வந்து படியேறினான். கேஸ் முடிந்தது என்று சொல்லி யாரிடமும் விடைபெற அவனுக்குத் துணிவில்லை.

சாலையில் ரூபா ஸ்கூட்டரைக் கிளப்பினாள். இன்னும் ஒரு ஜோக்கும் வரவில்லை. ஈஸ்வரன் சட்டைப் பையிலிருந்து முறுக்கை எடுத்தான். அது அவன் விரலுக்கிடையே துணிபோல் மடிந்தது. வாயில் போடவும் மனம் வரவில்லை, எறியவும் வரவில்லை. ஜங்லிகாட் போய்ச் சேரும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தான்.